அறுநூறு தேன்பெட்டிகள், ஆறே சாட்சிகள்

மாசி மாதத்தில் குமரி மாவட்டத்துத் திருவட்டாறு பக்கம் ரப்பர் மரங்கள் துளிர்த்து நிற்கும். தேனீ வளர்ப்போர் காத்திருப்பது இதற்குத்தான். ரப்பரில் தேன் சுரப்பது பெரும்பாலும் பூவில் அல்ல. ஒவ்வொரு தளிரிலையின் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சின்னஞ்சிறு சுரப்பிகள் மினுங்கும். அந்த நேரத்தில் மழை கொட்டினால் ஒருவருடைய பெட்டியில் மட்டும் தேன் குறையாது, சுற்றுவட்டாரம் முழுவதும் குறையும். எதனால் எவ்வளவு பலன் என்று புள்ளிவிவரத்தால் அளக்கும் பொருளாதார அளவையியலைக் குழப்புவது இந்த மழைதான்.

ஒரு கற்பனைக் கணக்கு. குமரி மாவட்டத்தின் ஆறு வட்டங்களில் மூன்றில் மட்டும் தேனீ வளர்ப்புப் பயிற்சி தருகிறோம். வட்டத்துக்கு 100 பெட்டிகள், ஆக 600. பயிற்சி நடந்த இடங்களில் தேன் கூடுதல். காரணம் பயிற்சியா, மழை தப்பியதா? வழக்கமான சூத்திரம் 600 பெட்டிகளையும் 600 தனிச் சாட்சிகளாக எண்ணி, "பயிற்சிதான்" என்று அடித்துச் சொல்லிவிடும். பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட மூவர் 2004-இல் நடக்காத சட்டங்களை நடந்ததாகப் பாவித்து இப்படிச் சோதித்தார்கள். இல்லாத பலனை உண்டு என்று 5 சதவீதம் மட்டுமே தவறிச் சொல்லவேண்டிய சோதனை, 45 சதவீதம் வரை தவறியது.

புள்ளியியலாளர் பிராட்லி எஃப்ரான் 1979-இல் தந்த பூட்ஸ்டிராப் முறை சீட்டுக் குலுக்கல் போன்றது. பெட்டிக்கு ஒன்றாகத் தேன் அளவை எழுதிய 600 சீட்டுகளைக் குடத்தில் போட்டு, ஒன்றை எடுத்துக் குறித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். இப்படி 600 முறை. சில சீட்டுகள் இரண்டு மூன்று தடவை வரும், ஏறக்குறைய 37 சதவீதம் வரவே வராது. ஆயிரம் முறை குலுக்கினால், சராசரி எவ்வளவு தள்ளாடுகிறது என்று தெரிந்துவிடும். அழகான யோசனை. ஆனால் பெட்டி பெட்டியாக எடுத்தால், ஒரே மழையில் நனைந்த பெட்டிகளின் உறவு அறுந்துவிடுகிறது.

கேமரன், கெல்பாக், மில்லர் என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் 2008-இல் பரிந்துரைத்த வழி வேறு. பயிற்சியால் பலனே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு பெட்டியும் பொதுச் சராசரியிலிருந்து எத்தனை கிலோ விலகியது என்று பார்க்கிறோம். பிறகு வட்டத்துக்கு ஒரு நாணயம் சுண்டுகிறோம். பூ விழுந்தால் அந்த வட்டத்தின் நூறு விலகல்களுக்கும் குறி மாறும். கூடுதல் குறைவாகும், குறைவு கூடுதலாகும். மழையின் பிணைப்பு அப்படியே இருக்கும். இந்தப் பொய்த் தரவுகளில் கிடைக்கும் வித்தியாசங்களை, அவற்றின் திட்டப்பிழையால் (தள்ளாட்டத்தின் அளவால்) வகுத்து, உண்மையில் கண்டதோடு ஒப்பிடுகிறோம்.

ஆறு நாணயங்களுக்கு 64 சேர்க்கைகளே உண்டு. அவற்றில் எல்லாம் தலை என்பது நம் தரவேதான்; எல்லாம் பூ என்பது அதன் கண்ணாடிப் பிம்பம். எனவே பலனே இல்லாமல் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு 64-இல் 2, அதாவது சுமார் 3.1 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. பெட்டிகளை 6,000 ஆக்கினாலும் அதே கதை. நாணயத்துக்குப் பதிலாக, வட்டத்துக்கு ஒன்றாக, பகடை போல ஆறு வெவ்வேறு மதிப்புகளில் ஒன்றை எடுத்து விலகல்களைப் பெருக்கினால் 46,656 சேர்க்கைகள் கிடைக்கும். சாட்சிகள் என்னவோ ஆறுதான்.

என்னைக் கேட்டால், பயிற்சியை ஊராட்சிவாரியாகக் குலுக்கிக் கொடுக்க வேண்டும். அப்போது ஒரே மழை, பயிற்சி பெற்ற ஊரிலும் பெறாத ஊரிலும் பெய்யும்.