மாற்றியம்

ஒரே வாய்பாடும் வெவ்வேறு அமைப்பும் கொண்ட சேர்மங்களைக் குறிக்கும் 'ஐசோமர்' என்ற சொல்லை 1830-இல் உருவாக்கியவர் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ். கிரேக்கத்தில் 'ஐசோஸ்' என்றால் சமம், 'மெரோஸ்' என்றால் பகுதி. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதை நேராகப் பெயர்த்து 'சமபகுதியம்' என்கின்றன. தமிழ்நாட்டில் 'மாற்றியம்'. வாய்பாடு ஒன்றே என்பதை முதல் சொல் காட்டுகிறது. அமைப்பு மாறியிருப்பதை இரண்டாவது காட்டுகிறது. எனக்குப் பிடித்தது இரண்டாவது. இடைநிலை உலோக அணைவுகளில் (நடுவில் ஓர் உலோக அயனி, அதைச் சுற்றிப் பிணைந்த அயனிகளோ மூலக்கூறுகளோ; சுற்றியிருப்பவையே ஈனிகள்) நாம் தேடுவதே அந்த மாற்றத்தைத்தானே!

ஒரு கோபால்ட், ஐந்து அம்மோனியா, ஒரு புரோமைடு, ஒரு சல்பேட். இதே சரக்கில் இரண்டு உப்புகள் உண்டு: ஒன்று ஊதா, மற்றது சிவப்பு. ஊதா உப்பின் கரைசலில் பேரியம் குளோரைடு விட்டால் வெள்ளை வீழ்படிவாகப் பேரியம் சல்பேட் வரும். அப்படியென்றால் சல்பேட் அணைவுக் கோளத்துக்கு (உலோகமும் அதோடு பிணைந்த ஈனிகளும் சேர்ந்த பகுதி) வெளியே தனி அயனியாக இருக்கிறது. சிவப்பில் அது வராது. வெள்ளி நைட்ரேட் விட்டால் வெளிர்மஞ்சள் வீழ்படிவு வரும், அங்கே புரோமைடுதான் வெளியே. உலோகத்தோடு பிணைந்த ஈனி எளிதில் கழன்று வராது என்பதே இந்தச் சோதனையின் உயிர். இது அயனியாதல் மாற்றியம்.

ஐந்து அம்மோனியா உள்ள கோபால்ட் அணைவில் நைட்ரைட் ஈனி நைட்ரஜன் வழியாகப் பிணைந்தால் மஞ்சள், ஆக்சிஜன் வழியாகப் பிணைந்தால் சிவப்பு. இது இணைப்பு மாற்றியம்; அகச்சிவப்பு நிறமாலை இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

சரி, எல்லா ஈனிகளும் அதே அணுக்கள் வழியாகவே பிணைந்து, இடம் மட்டும் மாறினால்? நான்கு அம்மோனியாவும் இரண்டு குளோரைடும் கொண்ட கோபால்ட் அணைவில் குளோரைடுகள் அடுத்தடுத்து இருந்தால் ஊதா (ஒருபக்க மாற்றியம்), எதிரெதிரே இருந்தால் பச்சை (மாறுபக்க மாற்றியம்). ஆறு ஈனிகளும் தட்டையான அறுகோணமாகவோ முப்பட்டகமாகவோ நின்றிருந்தால் மூன்று வடிவங்கள் கிடைத்திருக்க வேண்டும், எண்முகிக்கு (ஆறு முனைகளும் எட்டு முகங்களும் கொண்ட வடிவம்) இரண்டுதான். கிடைத்தவையும் இரண்டே. எக்ஸ்-கதிர்ப் படிகவியல் வருவதற்கு முன்பே, இப்படி எண்ணிப் பார்த்தே வேதியியலாளர் ஆல்ஃபிரட் வெர்னர் எண்முகி என்று முடிவுகட்டினார். இந்த வாதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அப்புறம் ஒளிசுழற்சி மாற்றியம். இரண்டு எத்திலீன்டைஅமீன் (இரண்டு இடங்களில் உலோகத்தைப் பற்றும் ஈனி), இரண்டு குளோரைடு உள்ள கோபால்ட் அணைவை வரைந்து, அதை இரு சம பாதியாக்கும் ஆடித்தளம் உண்டா என்று பாருங்கள். மாறுபக்க வடிவில் உண்டு, அதனால் அது ஒளியைச் சுழற்றாது. ஒருபக்க வடிவில் இல்லை. அதன் ஆடிபிம்பம் அதன்மேல் பொருந்தாது. முனைவுற்ற ஒளியை (ஒரே தளத்தில் அதிரும் ஒளி) ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுழற்றும்.