குண்டு துளைக்காத கதவு இல்லைங்க, அரண்கதவு

விமானம் பத்தி எந்தச் செய்தி வந்தாலும், எந்த டாக்குமெண்டரிய தமிழ்ல டப் பண்ணாலும், விமானி உக்காந்து ஓட்டற அறையோட கதவு, அதான் காக்பிட் கதவுன்னு வந்துட்டா போதும், உடனே "குண்டு துளைக்காத கதவு"ன்னு போட்டுடறாங்க. சமீபத்துல ஒரு டிவி நிகழ்ச்சியிலயும் அதேதான், 9/11 தாக்குதலுக்கு அப்புறம் எல்லா விமானத்துலயும் குண்டு துளைக்காத கதவு வந்துடுச்சுன்னு கணீர்னு ஒருத்தர் படிக்கிறார். கேட்டு கேட்டு சலிச்சுப் போச்சு, அதான் உக்காந்து எழுதிடலாம்னு.

2001 செப்டம்பர் 11 அன்னிக்கு அமெரிக்காவுல கடத்தப்பட்ட அந்த 4 விமானத்துலயும் கதவைச் சுட்டுத் துளைச்சுக்கிட்டு யாரும் உள்ள போகல. 19 பேர், கையில இருந்தது அட்டைப்பெட்டி அறுக்கிற பிளேடு, சின்னக் கத்தி, இந்த மாதிரி சாமான்தான். அப்போ இருந்த கதவு வெறும் மறைப்பு, லேசானது, ஓங்கி ஒரு உதை விட்டா தெறிச்சுடும், அதோட சாவியும் விமானப் பணிப்பெண்கள்கிட்டயே இருக்கும். ஆக அன்னிக்குத் தேவைப்பட்டது தோட்டாவைத் தடுக்கிற கதவு இல்ல, ஆளைத் தடுக்கிற கதவு. இந்த ஒரு விஷயத்தையே நம்ம மொழிபெயர்ப்பு முழுங்கிடுது.

முதல்ல மூலச் சொல்லை சீக்கிரமா பாத்துடுவோம். காக்பிட்னா இங்கிலீஷ்ல சேவல் சண்டை விடற பள்ளம், நம்ம ஊர்ல சொன்னா சேவற்கட்டு நடக்கிற களம். அங்கேருந்து அந்தப் பேரு போர்க்கப்பலுக்குப் போச்சு, அடித்தளத்துல காயம்பட்டவங்களுக்கு வைத்தியம் பாக்கிற இடத்துக்கு அந்தப் பேரு, 1805ல டிரஃபால்கர் கடற்சண்டையில அடிபட்ட இங்கிலீஷ் கடற்படைத் தளபதி நெல்சன் உயிர் விட்டது அந்த இடத்துலதான். அப்புறம் சின்னப் படகுல சுக்கான் பிடிக்கிறவன் உக்கார்ற குழிக்கு வந்து, கடைசியா விமானத்துக்கு ஏறிடுச்சு. நமக்கு அந்தச் சேவலும் வேணாம் குழியும் வேணாம், "விமானி அறை" அருமையா பொருந்தி நின்னுடுச்சு, எல்லாருக்கும் புரியுது.

இதுலயும் சிலருக்கு மனசு ஆறல. விமானம் வடசொல்லு, அதனால "வலவன் அறை"ன்னு எழுதணும்னு ஒரு கட்சி இருக்கு. புறநானூறு 27ஆம் பாட்டுல உறையூர் முதுகண்ணன் சாத்தனார் "வலவன் ஏவா வான ஊர்தி"ன்னு பாடியிருக்கார், அத ஆதாரமா காட்டுவாங்க. நல்ல சொல்லுதான், எனக்கும் ரொம்பப் பிடிச்ச வரி. ஆனா அந்த வரிய கொஞ்சம் நிதானமா படிங்க, வலவன் ஏவா, அதாவது ஓட்டறவன் இல்லாமலே வானத்துல போற ஊர்தி. புகழோட வாழ்ந்தவங்க செத்தப்புறம் ஏறிப் போறது. ஆளில்லாம பறக்கிற டிரோனுக்கு வேணா அந்த வரி ஜோரா பொருந்தும், ரெண்டு பேர் உக்காந்து ஓட்டற அறைக்கு அத ஏன் இழுக்கணும்? விமானிங்கற சொல்லு குழந்தைக்கும் தெரியும். தனித்தமிழ் மேல எனக்கும் பற்று உண்டு, ஆனா புரிஞ்சுட்டு இருக்கிற ஒரு சொல்லைத் தூக்கிட்டு புரியாத சொல்லை வைக்கிறது தமிழுக்குச் செய்யற சேவை இல்ல.

சரி, கதவுக்கு வருவோம், சண்டையே அங்கதான்.

இங்கிலீஷ்ல இதுக்கு வழக்கமா சொல்ற பேரு ரீஇன்ஃபோர்ஸ்டு டோர், அதாவது வலுவாக்கின கதவு. 2002 ஜனவரியில அமெரிக்காவோட விமானப் போக்குவரத்து நிர்வாகம், சுருக்கமா எஃப்ஏஏ, விதி கொண்டு வந்தாங்க, 2003 ஏப்ரல் 9க்குள்ள அங்க எல்லா பெரிய பயணிகள் விமானத்துலயும் மாட்டியாகணும்னு கெடு. அப்புறம் ஐசிஏஓ, அதாங்க ஐநாவோட விமானப் போக்குவரத்து அமைப்பு, 2003 நவம்பர் 1லேருந்து 45,500 கிலோவுக்கு மேல எடை இருக்கிற, இல்லாட்டி 60 சீட்டுக்கு மேல இருக்கிற பயணிகள் விமானத்துக்கெல்லாம் கட்டாயம்னு சொல்லிடுச்சு. அந்த அமெரிக்க விதி கதவுகிட்ட என்ன கேக்குதுன்னு பாருங்க. முதல்ல கேக்கிறது 300 ஜூல் இடி தாங்கணும், அதாவது நல்ல திடமான ஒரு ஆள் ஓடிவந்து தோளால மோதற மாதிரி. கைப்பிடியைப் பிடிச்சு சுமார் 113 கிலோ எடைக்குச் சமமா இழுத்தாலும் பிடுங்கிட்டு வரக்கூடாது. இதுக்கெல்லாம் அப்புறம்தான் கைத்துப்பாக்கித் தோட்டா, வெடிச்சிதறல் உள்ள போகக்கூடாதுங்கிறது வருது. ஆக தோட்டா தடுக்கறதும் அதோட வேலைதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அது பல வேலையில ஒரு வேலை, அந்த ஒண்ண எடுத்து மொத்தத்துக்கும் பேரா வச்சா எப்படி?

அதுவும் போகட்டும், "குண்டு"ங்கிற சொல்லே இங்க தகராறு. தமிழ்ல குண்டுன்னா பீரங்கிக் குண்டும் உண்டு, வெடிகுண்டும் உண்டு, துப்பாக்கிக் குண்டும் உண்டு. வேற எங்கயாவது சொன்னா இடம் பாத்துப் புரிஞ்சுக்கலாம், விமானத்துக்குள்ள குண்டுன்னா எல்லாருக்கும் முதல்ல மனசுல வர்றது வெடிகுண்டுதான். குண்டு துளைக்காத கதவுன்னா குண்டு வெடிச்சாலும் விமானி தப்பிச்சுடுவாரு போலன்னு படிக்கிறவங்க நினைச்சுக்கறாங்க, என்கிட்டயே கேட்டிருக்காங்க. அந்த அர்த்தம்தான் வேணும்னா "தோட்டா துளைக்காத"ன்னு எழுதுங்களேன், தோட்டான்னு ஒரு சொல்லு எதுக்கு இருக்கு? "குண்டு துளைக்காத"ங்கிறது தலைவர்கள் போற காருக்குச் சொன்ன சொல்லு. காருக்குச் சரி, அங்க பயம் வெளியில இருந்து சுடுவாங்கன்னு. விமானத்துல பயம் உள்ள நுழைஞ்சு ஸ்டியரிங்கையே பிடுங்கிடுவான்னு. ரெண்டும் ஒரே பயமா?

அடுத்து "வலுவூட்டப்பட்ட கதவு"ன்னு எழுதறவங்க. இவங்க பரவாயில்ல, மூலத்தையாவது ஒழுங்கா படிச்சிருக்காங்க. ஆனா அந்த "ஊட்டப்பட்ட" எனக்கு ஒத்துக்கவே இல்ல. ரேஷன் கடையில செறிவூட்டப்பட்ட அரிசி, வலுவூட்டப்பட்ட கான்கிரீட், திறனூட்டப்பட்ட மகளிர்னு இந்த ஒரே அச்சுல எதையும் வார்த்து எடுத்துடறாங்க. அந்தச் சொல்லைப் படிச்சா கதவுல கொஞ்சம் இரும்பு கூட வச்சு அடிச்சிருக்காங்கன்னு மட்டும்தான் தெரியும். அது எதுக்கு, யாருக்கு எதிரா, யார் கட்டுப்பாட்டுலன்னு ஒண்ணும் தெரியாது. "பாதுகாப்புக் கதவு"ன்னு சிலர், அது இன்னும் மோசம், அவசர வழிக் கதவையும் அப்படித்தான் சொல்றாங்க, பேங்க்ல இருக்கறதும் அதுதான்.

இந்தக் கதவோட உயிரே அதோட பூட்டு முறையில இருக்கு, அத ஒரு தடவ கிட்டப் போய் பாத்துடலாம். ஏர்பஸ் ஏ320 எடுத்துக்கோங்க. வெளிய கதவுக்குப் பக்கத்துல ஒரு சின்ன நம்பர் பலகை. பணிப்பெண் அதுல பட்டனை அமுக்கினா உள்ள ஒரு பஸ்ஸர் அடிக்கும், அவ்வளவுதான், கதவு திறக்காது. உள்ள விமானி யாருன்னு பாத்துட்டு ஒரு சின்ன ஸ்விட்ச்ச திறக்கிற பக்கம் பிடிச்சாத்தான் திறக்கும். உள்ள ரெண்டு பேரும் மயங்கி விழுந்துட்டா? அதுக்கு ஒரு அவசர எண் இருக்கு, வெளியேருந்து அத அடிச்சா பஸ்ஸர் விடாம கத்தும், உள்ளேருந்து பதிலே வரலேன்னா சில விநாடி கழிச்சு கதவு தானா கொஞ்ச நேரம் திறந்து குடுக்கும். ஆனா அதுக்குள்ள உள்ள இருக்கறவர் ஸ்விட்ச்ச பூட்டற பக்கம் தள்ளிட்டார்னா அந்த நம்பர் பலகையே சில நிமிஷத்துக்குச் செத்துடும், என்ன அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. ராக்கெட் விஞ்ஞானம் ஒண்ணும் இல்ல, ஒரு கதவு, ஒரு பூட்டு, ஒரு ஸ்விட்ச். கடைசி முடிவு எப்பவும் உள்ள இருக்கறவரோடது, அதுதான் இதோட தத்துவமே.

இத சொல்றதுக்கு நம்மகிட்ட சொல்லு இல்லையா? ரெண்டாயிரம் வருஷமா இருக்கு. அரண். திருக்குறள்ல 75ஆவது அதிகாரமே அதுக்குத்தான். "உயர்வகலம் திண்மை அருமை இந்நான்கின் அமைவரண்"ன்னு வள்ளுவர் நாலு குணம் சொல்றார், அதுல திண்மை, உடைக்க முடியாத உறுதி, அருமைன்னா கிட்ட நெருங்கவே முடியாதது. இடி தாங்கணும்னு எஃப்ஏஏ கேக்கறது திண்மை, நம்பர் பலகையும் பூட்டும் அருமை. அடுத்த குறள் இன்னும் அருமையா இருக்கு, "சிறுகாப்பிற் பேரிடத்த தாகி உறுபகை ஊக்கம் அழிப்ப தரண்". காக்க வேண்டிய இடம் சின்னதா இருக்கணும், வந்த பகைவனோட ஊக்கத்தையே அழிக்கணும். அவ்வளவு பெரிய விமானத்துல காக்க வேண்டியது ஒரே ஒரு சின்ன வாசல். அங்க போக முடியாதுன்னு தெரிஞ்சா விமானத்தையே ஆயுதமாக்கற நினைப்பு அங்கயே படுத்துடும். இதவிட எப்படிப் பொருத்தமா சொல்றது?

அதனால என் முடிவு "அரண்கதவு". முழுசா சொல்லணும்னா விமானியறை அரண்கதவு.

உடனே ஒரு ஆட்சேபணை வரும், தெரியும். அரண்னா அரசர் காலத்துச் சொல்லு, கோட்டை அகழின்னு படம் ஓடும்பாங்க. ஓடட்டுமே! முள்ளரண், காட்டரண்னு இன்னும் எழுதறோம், அரணா நின்னான்னு பேச்சுலயே வருது. செத்த சொல்லு இல்ல. வலவனுக்கும் இதுக்கும் அதுதான் வித்தியாசம், வலவனை அகராதி பாத்துத்தான் எழுப்பணும், அரண் முழிச்சுக்கிட்டேதான் இருக்கு.

இன்னொரு ஆட்சேபணை கனமானது. அந்தக் கதவுதானே 2015 மார்ச் 24 அன்னிக்கு 150 பேரைக் கொன்னுச்சுன்னு கேப்பாங்க. பார்சிலோனாவுலேருந்து டுசெல்டார்ஃப் போன ஜெர்மன்விங்ஸ் விமானம், கேப்டன் வெளிய வந்த நேரம் பாத்து துணை விமானி உள்ள பூட்டிக்கிட்டு ஆல்ப்ஸ் மலையில கொண்டுபோய் மோதிட்டார். கதவை ஓங்கி ஓங்கி அடிக்கிற சத்தம் ஒலிப்பதிவுல இருக்கு. 2014 பிப்ரவரியிலயும் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் துணை விமானி இதே மாதிரி கேப்டன வெளிய விட்டுப் பூட்டிட்டு ஜெனிவாவுக்குக் கடத்திட்டுப் போனார், அங்க நல்லவேளையா யாருக்கும் ஒண்ணும் ஆகல. கொடுமைதான், படிக்கவே நெஞ்சு அடைக்குது. ஆனா இப்போ "குண்டு துளைக்காத கதவு"ன்னு வச்சுக்கிட்டு இந்த விபத்தை விளக்கிப் பாருங்க, விளங்கவே விளங்காது, குண்டு எங்க வந்துச்சு இதுல? அரண்னு சொல்லுங்க, உடனே புரியும், அரணுக்குள்ள இருக்கறவன் பகையானா வெளிய இருக்கறவன் ஒண்ணும் பண்ண முடியாது. இதையும் அதே அதிகாரத்துல கடைசிக் குறள்ல சொல்லி வச்சிருக்கார், செயல் மாண்பு இல்லாதவன்கிட்ட எந்த அரணும் அரண் இல்லன்னு. அதனாலதான் அந்த விபத்துக்கப்புறம் அறைக்குள்ள எப்பவும் ரெண்டு பேர் இருக்கணும்னு ஐரோப்பாவுல பரிந்துரை பண்ணாங்க. கதவை மாத்தல, ஆளுக்கு ஆள் காவல் வச்சாங்க.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல எனக்கு இருக்கிற ஆதங்கம் இதுதான். இங்கிலீஷ் சொல்லைப் பாத்துத் தமிழ்ச் சொல்லு தேடறாங்க, பொருளைப் போய் பாக்கறதில்ல. 2024 ஜனவரி 5 அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்துல பக்கவாட்டுல ஒரு பலகை பிச்சுக்கிட்டு போச்சு இல்லையா, அப்போ காக்பிட் கதவும் பட்டுனு திறந்துக்கிச்சு. உள்ள காத்தழுத்தம் திடீர்னு விழுந்தா அது திறந்துக்கணும்னே செஞ்சது, ஆனா அத அந்த விமானிங்களுக்கே சொல்லியிருக்கல. குண்டு துளைக்காத கதவு காத்துக்குத் திறந்துடுச்சான்னு அப்போ கேலி பண்ணவங்க உண்டு. பேரு தப்பா வச்சா கேள்வியும் தப்பாத்தான் வரும்.

ஹைஜாக்குக்கு "கடத்தல்" போதுமான்னும் கேக்கறாங்க. போதும். கட-ங்கிற வினையிலேருந்து கடத்து, ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்குத் தாண்ட வைக்கிறது. 1999 டிசம்பர் 24 காத்மாண்டுவுலேருந்து டெல்லி வர வேண்டிய ஐசி 814 விமானம் ஆப்கானிஸ்தான்ல இருக்கிற காந்தஹார் போய் நின்னுச்சே, அதுக்கு அந்தச் சொல்லு கச்சிதம். "விமானக் கடத்தல்"னா விமானத்தையே கடத்தறது, "விமானத்தில் கடத்தல்"னா தங்க பிஸ்கட், இந்த வேற்றுமையைக் கூட பாக்காம தலைப்பு போடறவங்களுக்குப் புதுச் சொல்லு குடுத்தும் பிரயோஜனம் இல்ல.

இப்போ புதுசா இன்னொண்ணு வருது, அதுக்கும் எவனாவது ஒரு பேரு வைக்கறதுக்குள்ள சொல்லிடறேன். விமானி பாத்ரூம் போக, சாப்பாடு வாங்க கதவைத் திறக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அரண்ல ஓட்டை. இப்போதைக்குப் பல இடத்துல சாப்பாட்டு டிராலிய குறுக்க நிறுத்தி மறிக்கிறாங்க. 9/11ல கொல்லப்பட்ட யுனைடெட் 175 விமானத்தோட கேப்டன் விக்டர் சரசினி பேர்ல 2018லயே அமெரிக்காவுல சட்டம் போட்டு, 2023ல எஃப்ஏஏ விதியும் வந்துச்சு, புதுசா கட்டற பயணிகள் விமானத்துல கதவுக்கு முன்னாடி இழுத்து மாட்டற மாதிரி ஒரு லேசான தடுப்பு இருக்கணும்னு. அது யாரையும் நிரந்தரமா நிறுத்தறதுக்கு இல்ல, பாஞ்சு வர்றவனை ஒரு 5 விநாடி தாமதப்படுத்தினா போதும், அதுக்குள்ள கதவைச் சாத்திடலாம். இத "இரண்டாம் நிலை பௌதீகத் தடை"ன்னு எழுதிடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். ஊர்ல தோட்டத்து வாசல்ல, ஆட்டுப் பட்டியில மூங்கிலோ முள்ளோ வச்சுக் கட்டி சாத்தி வைப்போமே, அந்தப் பக்கம் யார் வர்றாங்கன்னு கண்ணுக்குத் தெரியும், ஆனா தள்ளிட்டு சட்டுனு வர முடியாது, அதுக்குப் பேரு படல். யாழ்ப்பாணத்துல படலைம்பாங்க. அரண்கதவு, அதுக்கு முன்னாடி படல்.