சாயம் போன கப்பி

போன கச்சான் காலத்தில், அந்தச் சுடுகாற்று வீசும் நாட்களில், ஒரு தகப்பனும் மகனும் ஜாம் போத்தலோடு என் கிளினிக்குக்கு வந்தார்கள். நாய்களுக்கு ஊசி போட வந்த கூட்டத்துக்கு நடுவே, தண்ணீர் தளும்பாமல் போத்தலை மடியில் பிடித்தபடி இருந்தான் பையன். உள்ளே ஓர் ஆண் கப்பி, தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் சின்ன மீன். விரிந்து நிற்க வேண்டிய வால் மடக்கிய குடை மாதிரி ஒட்டிக் கிடந்தது. சிவப்பு இருந்த இடத்தில் செங்கல் தூள் நிறம்.

"சாயம் போயிட்டுது டொக்டர்."

"தண்ணி எப்ப மாத்தினனீங்கள்?"

"ஞாயிற்றுக்கிழமை. முழுக்க இறைச்சு ஊத்திப்போட்டு, கல்லு, ஸ்பொஞ்ச் எல்லாத்தையும் சவுக்காரம் போட்டுத் தேய்ச்சனாங்கள்" என்றார் தகப்பன், கொஞ்சம் பெருமையாகவே.

அந்தச் சுத்தம்தான் வினை. மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அமோனியா வரும். அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது ஸ்பொஞ்சிலும் கல்லிலும் படிந்திருக்கும் பக்டீரியாக்கள். அவை புதிதாகக் குடியேறி நிலைபெற நாலிலிருந்து ஆறு வாரம் எடுக்கும். ஒரு கை சவுக்காரம் போதும், எல்லாம் போய்விடும். தண்ணீர் சூடாகவும் காரத்தன்மை கூடியும் இருந்தால் அதே அளவு அமோனியா இன்னும் கூடுதலாகக் கடிக்கும். கச்சான் அடிக்கும் மத்தியானத்தில் நம் வீட்டு ஹோலில் இருக்கும் தொட்டியைத் தொட்டுப் பாருங்கள், புரியும்.

அடுத்தது குளோரின். திருகோணமலை நகரக் குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர், சுத்திகரித்துக் குளோரின் சேர்த்தது. நமக்கு நல்லது, செவுளுக்கு நெருப்பு. வாளியில் பிடித்துக் காற்றுக்குழாய் போட்டு ஒருநாள் வைத்துவிட்டு ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர்தானே என்று நம்பி இருப்பவர்களும் மாரி வெள்ளம் வடிந்த பிறகு கேட்டுக்கொள்ளுங்கள், கிணற்றுக்குக் குளோரின் போட்டார்களா என்று. மற்றபடி கடற்கரையோரக் கிணறுகளின் லேசான சவர் கப்பிக்குப் பிரச்சினையே இல்லை. சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீரை விரும்பும் மீன் அது.

நிறம் மங்கிய உடனே கடைக்கு ஓடி நீல மருந்து வாங்கி ஊற்றுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். மெதிலீன் நீலம் அந்த நல்ல பக்டீரியாக்களையும் சேர்த்தே கெடுக்கும். தனிப் பாத்திரத்தில் பாவிப்பது வேறு கதை.

எல்லா வெளுப்பும் நோயும் இல்லை. அதிகாலையில் லைட்டைப் போட்டுப் பார்த்தால் எந்தக் கப்பியும் வெளிறித்தான் இருக்கும், கொஞ்ச நேரத்தில் நிறம் ஏறிவிடும். பெண் கப்பி பிறவியிலேயே மங்கல். இரண்டு, மூன்று வருசம்தான் ஆயுள் என்பதால் கிழட்டு மீனும் மங்கும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் வேண்டிய கரோட்டினொயிட் என்ற நிறப்பொருளை மீனின் உடம்பால் உண்டாக்க முடியாது, தீனியில் இருந்துதான் வர வேண்டும். பாண் தூளும் சோறும் போட்டு வளர்த்தால் வேறு எப்படி இருக்கும்? சந்தையில் விற்கும் காய்ந்த கூனி இறாலைக் கழுவி, உப்பு நீக்கி, காயவைத்துப் பொடித்துச் சிட்டிகையாகப் போடுங்கள். நிறம் ஏற வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள்.

நோயென்றால் வேறு அடையாளமும் கூட வரும். உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி ஒன்று. டோர்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் தெரியும் தங்கத் தூசி இன்னொன்று. வாயோரம் பஞ்சு மாதிரியும் முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளிறியும் இருந்தால் அது பூஞ்சணம் இல்லை, கொலம்னாரிஸ் என்ற பக்டீரியா. இதில் ஆட்கள் தடுக்கி விழுவார்கள். வெள்ளைப் புள்ளிக்குத் தண்ணீரைச் சூடாக்கச் சொல்வது வழக்கம். அதே வேலையைக் கொலம்னாரிசுக்குச் செய்தால் அது இன்னும் வேகமெடுக்கும், ஓரிரு நாளில் தொட்டி காலியாகிவிடும். படம் எடுத்து யாரிடமாவது காட்டிவிட்டு மருந்தைத் தொடுங்கள்.

சரி, அந்தப் பையனின் மீனுக்கு மருந்தே எழுதவில்லை. தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றச் சொன்னேன். ஐந்து லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பு, அதுவும் வேறாகக் கரைத்துச் சிறுகச் சிறுக. இரண்டு நாள் தீனி இல்லை. ஸ்பொஞ்சை இனித் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து வைக்க வேண்டும். மூன்றாம் வாரம் ஃபோட்டோ அனுப்பினார்கள். சிவப்பு வந்துவிட்டது. கிழிந்த வால் நுனி மட்டும் கண்ணாடி மாதிரி நிறமில்லாமல் வளர்ந்திருந்தது. கூட இருந்த இரண்டு மீன் செத்துப் போனதாம்.

ஒன்று மட்டும் மனிதர்களுக்காக. வயிறு ஒட்டி, முதுகு வளைந்து, நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போகிற மீனுக்கு மீன் காசநோய் இருக்கலாம். நம்பி மருந்து செய்ய வழியில்லை. அந்தக் கிருமி கைக்காயம் வழியாக நமக்கும் தொற்றி, மாதக்கணக்கில் ஆறாத கட்டியாக நிற்கும். புண் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். பைப்பை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தையும் விடுங்கள். பைப்பை முழுக்க அமிழ்த்தி நிரப்பி, ஒரு நுனியை விரலால் அடைத்து வெளியே எடுத்துத் தொட்டியை விடத் தாழ்வாகப் பிடித்தால் தண்ணீர் தானாக இறங்கும்.