சுரண்டிப் போட்ட நண்டு முட்டை பொரிக்காது

இந்தப் பருவத்திலும் அதே கதைதான். கரையில் நண்டு வாங்கும் வாடிக்கு வரும் கூடைகளில் நீலக்கால் நண்டின் பெட்டையைத் திருப்பிப் பார்த்தால் வயிற்று மடலுக்குள் மயிர்கள் கலைந்து கிடக்கின்றன, இடையிடையே செம்மஞ்சள் முட்டை ஒட்டியிருக்கிறது. பழைய பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார்கள். சினை நண்டு வேண்டாம் என்று ஏற்றுமதிக் கம்பனி சொன்னால், சினையைச் சுரண்டிவிட்டு நண்டை விற்பது! கேட்டால், "முட்டையைக் கடலிலதானே போட்டம், அது பொரிச்சிடும்" என்கிறார்கள். யாழ்ப்பாணம் முதல் மன்னார் வரை கரையோரச் சங்கங்களோடு வேலை செய்கிறேன். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

பொரிக்காது. தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். நீலக்கால் நண்டு முட்டையைக் கடலில் விட்டுவிட்டுப் போகிற மீன் அல்ல. முட்டைகள் தாயின் வயிற்றுக் கால்களில் உள்ள மயிர்களில் காம்பு வைத்து ஒட்டியிருக்கும். தாய் மடலை ஓயாமல் அசைத்து அவற்றுக்கு நல்ல தண்ணீர் கொடுக்கும், அழுக்கையும் பழுதான முட்டையையும் கிள்ளி எடுக்கும். செம்மஞ்சள் நிறம் மண்ணிறமாகி, பிறகு கறுத்துவரும். கறுத்தால் பொரிக்கப்போகிறது என்று அர்த்தம். நமது சூடான கடலில் இதற்கு ஒன்றரைக் கிழமை போதும். அந்தக் கொஞ்ச நாள் பொறுக்காமல் பிய்த்து எறிந்த முட்டை சேற்றில் விழுந்து பூஞ்சணம் பிடிக்கும், இல்லையேல் மீன் தின்னும். பெரிய தாய் ஒன்று பத்து லட்சத்துக்கு மேலும் முட்டை சுமக்கும். ஒருமுறை இணைந்தால் போதும், அந்த விந்தைச் சேமித்து வைத்து அடுத்தடுத்து சினை வைக்கும். ஆக, நீங்கள் பிடித்தது ஒரு சினையை மட்டும் அல்ல, இனி வரவிருந்த சினைகளையும் சேர்த்துத்தான்.

அடுத்து எல்லோரும் சொல்வது: "நாங்கள் விட்டால் அக்கரைக்காரன் பிடிப்பான்." இராமேஸ்வரம், மண்டபம் பக்கம் பேசினால் அங்கேயும் இதையே நம்மைக் காட்டிச் சொல்கிறார்கள். பொரித்த குஞ்சு சில கிழமைகள் நீரோட்டத்தோடு மிதந்து திரியும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவே 1974இல் வரைந்த எல்லைக்கோடு அதற்குத் தெரியாது. பாக்கு நீரிணை ஆழமில்லாத ஒரே கடல், இரு கரையும் அதன் நண்டைத்தான் பிடிக்கிறோம். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி பற்றிய கோபம் எனக்கும் உண்டு. இலங்கை 2017இல் அதைச் சட்டத்தால் தடுத்தது சரியான வேலை. ஆனால் அக்கரை இழுவைப் படகின் மேலுள்ள கோபத்தை நம் வலையில் வந்த சினை நண்டில் தீர்க்கலாமா?

வாங்குபவர்கள் கதை வேறு. நமது நண்டுச் சதையில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போகிறது. அங்குள்ள இறக்குமதியாளர்கள் 2009இலேயே ஒரு மன்றமாகச் சேர்ந்து, ஓட்டின் அகலம் 8 சென்றிமீற்றருக்குக் குறைந்த நண்டை வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். இந்தோனேசியா 2015இல் 10 சென்றிமீற்றருக்கு மேல்தான் பிடிக்கலாம், சினை நண்டைத் தொடக்கூடாது என்றது. பிலிப்பைன்ஸ் 10.2 என்று வைத்தது. தாய்லாந்துக் கிராமங்களில் நண்டு வங்கி என்று ஒன்று உண்டு: பிடிபட்ட சினை நண்டைக் கூட்டிலோ தொட்டியிலோ வைத்து, பொரித்த பிறகுதான் விற்பார்கள். நம்மோடு ஒரே சந்தையில் போட்டி போடுகிறவர்கள் இவர்கள். சின்ன நண்டில் பெரிய சதைத்துண்டு வராது, விலை அந்தத் துண்டுக்குத்தான் என்பது நண்டு வாங்கும் சம்மாட்டிமாருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கடற்பசு விஷயமும் இருக்கிறது. வலையில் கடற்பசு போன்ற கடல் பாலூட்டிகள் மாட்டுகின்றனவா என்று அமெரிக்கச் சட்டம் ஏற்றுமதி நாடுகளைக் கேட்கிறது. பாக்கு விரிகுடாவில் தமிழ்நாடு 2022இல் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. அந்தக் கடற்பசு மேயும் கடற்புல்லில்தான் குட்டி நண்டும் வளர்கிறது. கடற்புல் உள்ள இடத்தில் வலை போடாதீர்கள்.

சரி, செய்யவேண்டியது இதுதான். சினை நண்டு மாட்டினால் காலை முறிக்காமல் கழற்றி, உயிரோடு அந்த இடத்திலேயே விடுங்கள். அளவுகோல் படகிலேயே இருக்கட்டும். ஓட்டின் இரு பக்க முள் நுனிக்கும் நடுவே அளக்கவேண்டும், கண்ணால் மட்டிட வேண்டாம். ஒற்றை நைலோன் இழையில் பின்னிய தங்கூசி வலை இலங்கையில் சட்டப்படி தடை, அதில் பேச்சே இல்லை. அறுந்த வலையைக் கடலில் விடாதீர்கள், அது ஆளில்லாமலே நண்டைக் கொன்றுகொண்டிருக்கும். சம்மாட்டிமாரே, சுரண்டிய நண்டை நிறுக்காதீர்கள். நீங்கள் ஒரு கிழமை மறுத்தால் பிரஷ் தானாக நின்றுவிடும். வீட்டுக்கு நண்டு வாங்குகிற அக்காமாரே, சினை ருசி என்று கேட்டு வாங்குகிறீர்களே, உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன், அதை விட்டுவிடுங்கள்.

அதிகாரிகளிடம் ஒரு விண்ணப்பம். இந்தியக் கிழக்குக் கரையில் மீன் பெருகட்டும் என்று ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் இழுவைப் படகுகளைக் கரையில் நிறுத்துகிறார்கள். இலங்கை இந்திய மீன்வளக் கூட்டுப் பணிக்குழு 2016இல் அமைந்தது. பிடிபட்ட படகுகளையும் கைதான ஆட்களையும் விடுவிக்கும் பேச்சு அவசியம்தான், மறுக்கவில்லை. அடுத்த முறை கூடும்போது நண்டுக்கும் ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். இரு கரைக்கும் ஒரே அளவு, இரு கரையிலும் சினை நண்டுக்குத் தடை. இவை இரண்டையும் எழுதிக் கையெழுத்து வைத்தால், சங்கக் கூட்டத்தில் அந்தத் தாளைக் காட்டிப் பேச எங்களால் முடியும்.