நீல முடியைப் பழுப்பாக்க டை டப்பாவைத் திறக்கும் முன்

தொப்பியைக் கழற்றாமலே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள் அந்தப் பெண். "அக்கா, பார்த்துட்டுத் திட்டக் கூடாது" என்றாள். நாலு நாளில் அவளுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. ஒரு வருடமாக டர்க்காய்ஸ் நீலத்தில் இருந்த முடிக்கு, முந்தின நாள் இரவு வீட்டிலேயே 'டார்க் பிரவுன்' டை போட்டிருக்கிறாள். தொப்பியை எடுத்துப் பார்த்தால், உச்சியில் புதிதாக வளர்ந்த முடி நல்ல கரும்பழுப்பு. நடு நீளம் முழுக்கப் பாசி பிடித்த மாதிரி பச்சை கலந்த சாம்பல். நுனி மட்டும் மை ஊற்றியது போலக் கறுப்பு. ஒரே டப்பா டை, ஒரே அரை மணி நேரம், தலையில் மூன்று நிறம்.

திட்டவில்லை. டப்பா மேல் இருந்த படத்தை நம்பியிருக்கிறாள், அவ்வளவுதான். நீலமோ பிங்க்கோ போடும்போது எல்லோரும் நிறைய யோசிக்கிறார்கள், விசாரிக்கிறார்கள், நல்ல ஆளாகத் தேடிப் போகிறார்கள். பழைய நிறத்துக்குத் திரும்பும்போது மட்டும் 'கறுப்பை அடிச்சா மறைஞ்சிடும்' என்று ஒரே இரவில் முடிவெடுத்துவிடுகிறார்கள். என்னிடம் வரும் சிக்கலான தலைகளில் நிறைய அந்த ஓர் இரவில் உண்டானவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழுப்பு எப்படிப் பச்சையானது? கறுப்பு முடி என்று நாம் சொல்வதற்குள் கறுப்பு மட்டும் இல்லை. ப்ளீச் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும்: கரும்பழுப்பு போய்ச் சிவப்பு வரும், அது செம்பாகும், ஆரஞ்சாகும், மஞ்சளாகும், கடைசியில் வெளிர் மஞ்சள். இயல்பான பழுப்பு முடிக்கு உயிர் கொடுப்பது அந்தச் சிவப்பும் ஆரஞ்சும்தான். பளிச்சென்ற நீலமோ டர்க்காய்ஸோ பிடிக்க வேண்டும் என்றால் வெளிர் மஞ்சள் வரைக்கும் வெளுக்க வேண்டும். அதாவது அந்தச் சிவப்பையும் ஆரஞ்சையும் முடியிலிருந்து முழுக்க எடுத்துவிட்டோம்.

கடையில் கிடைக்கும் பழுப்பு டை, அந்தச் சிவப்பும் ஆரஞ்சும் உள்ளே இருக்கும் முடியை நினைத்துத் தயாரித்தது. அவை இல்லாத முடியில் போட்டால் பழுப்பு மங்கிச் சாம்பலாக விழும். கீழே மஞ்சள் தளம், அதில் மிச்சமிருக்கும் நீலம். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சின்ன வயதில் வாட்டர் கலர் கலந்த எல்லோருக்கும் தெரியும். நுனி கறுத்ததற்குக் காரணம் வேறு. பல தடவை ப்ளீச் பட்ட நுனியில், முடியின் மேலே ஓடு போல மூடியிருக்கும் செதில்கள் சிதைந்துபோயிருக்கும். அந்த இடம் பஞ்சு மாதிரி டையை உறிஞ்சும். சில வாரத்தில் அதே வேகத்தில் விட்டும்விடும்.

ஆகவே முதல் வேலை, எடுத்ததைத் திரும்ப வைப்பது. எங்கள் தொழிலில் இதை 'ஃபில்லிங்' என்போம். பழுப்பு போடுவதற்கு முன்னால், வெளுத்த முடியில் செம்பும் பொன்னிறமும் கலந்த ஒரு நிறத்தை ஏற்றுவோம். அந்த நேரம் தலை முழுக்க ஆரஞ்சாக இருக்கும். கண்ணாடியைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. பத்து நிமிடம் பொறுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். அந்த ஆரஞ்சின் மேல் வரும் பழுப்புதான் பச்சையாகாமல், நாலு தடவை அலசியதும் ஓடிவிடாமல் நிற்கும்.

எந்த நிறத்திலிருந்து திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து வேலை மாறும். பிங்க், ஆரஞ்சு, செம்பு எல்லாம் சுலபம். அந்த நிறங்களே பாதி ஃபில்லிங் வேலையைச் செய்துவிடும். நல்ல சிவப்பிலிருந்து வருகிறவர்களுக்குப் பழுப்பு எதிர்பார்த்ததைவிடச் செம்மையாக வரும். கொஞ்சம் 'ஆஷ்', அதாவது சாம்பல் சாயல், கலந்த ஷேட் எடுத்தால் சரியாகிவிடும். ஊதா, மங்கும்போது சிலருக்குப் பிங்க்காகும், சிலருக்கு நீலமாகும். மங்கவிட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நீலம், பச்சை, டர்க்காய்ஸ் மூன்றும் பிடிவாதக்காரர்கள். நீலத்துக்கு ஆரஞ்சு, பச்சைக்குச் சிவப்பு என்று எதிர் நிறத்தை அளந்து கொடுத்து அடக்க வேண்டும். இவற்றின் மேல் அவசரப்பட்டு இன்னொரு முறை ப்ளீச் போடாதீர்கள். கறை போகாது, மேலும் ஆழமாக ஒட்டிக்கொள்ளும். அதற்குள் முடி இன்னும் பலவீனமாகிவிடும்.

நேரம் இருந்தால் முதலில் மங்கவிடுங்கள். இந்த வண்ணங்கள் பெரும்பாலும் 'செமி பெர்மனென்ட்', அலச அலசக் குறையும். வெதுவெதுப்பான நீரும் பொடுகு ஷாம்பூவும் அதை வேகப்படுத்தும். முடி வறளும் என்பதால் ஒவ்வொரு முறையும் கண்டிஷனர் அவசியம். கடையில் விற்கும் கலர் ரிமூவர்களில் பல, பெர்மனென்ட் டையை எடுக்கத்தான் தயாரானவை. எந்த வகை டைக்கு என்று படிக்காமல் வாங்காதீர்கள். அப்புறம், வீட்டில் துணிக்கும் தரைக்கும் வைத்திருக்கும் ப்ளீச்சை யாரும் தலைக்குக் கொண்டுபோக வேண்டாம். அது வேறு ரசாயனம். முடியையே கரைக்கும், தோலைப் புண்ணாக்கும். கைப்பேசியில் ஏதோ ஒரு வீடியோ பார்த்துச் செய்தேன் என்று ஒரு பையன் வந்தான். அவனுக்கு நான் செய்ய முடிந்த ஒரே உதவி, தோல் மருத்துவரிடம் அனுப்பியதுதான்.

எதைப் போடுவதற்கு முன்னாலும் நான் ஒரு முடியை ஈரமாக்கி மெதுவாக இழுத்துப் பார்ப்பேன். கொஞ்சம் நீண்டு திரும்பச் சுருங்கினால் வேலை செய்யலாம். சூயிங் கம் மாதிரி நீண்டுகொண்டே போனாலோ சட்டென்று அறுந்தாலோ, அன்றைக்கு எந்த ரசாயனமும் கிடையாது. எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது. இதில் மட்டும் நான் இறங்கி வருவதில்லை.

டையோடு கலக்கும் பெராக்சைடு திரவமான டெவலப்பர் பற்றியும் ஒரு வார்த்தை. 10 வால்யூம் என்றால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. ஏற்கனவே வெளுத்த முடியில் இனி வெளுக்க ஒன்றுமில்லை. நிறம் ஏற்றத்தான் போகிறோம். 3 சதவீதமோ அதற்கும் குறைவோ போதும். ஷேட் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் விரும்பும் நிறத்தைவிட ஒன்றிரண்டு லெவல் வெளிரானதை எடுங்கள். பஞ்சு போலாகிவிட்ட முடி தானாகக் கறுத்துக்கொள்ளும். சுத்தக் கறுப்பு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. பிறவியிலேயே கறுப்பான முடிகூட வெயிலில் பழுப்பு காட்டும்; டை போட்ட கறுப்பு தார் பூசியது போல நிற்கும். நாளைக்குப் பிடிக்கவில்லை என்றால் அதன் மேல் வேறு டை போட்டு வெளிராக்கவும் முடியாது. டையால் டையை வெளுக்க முடியாது.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியம். பளிச்சென்ற வண்ண டைகளில் பெரும்பாலும் பிபிடி இருக்காது. கறுப்பு, கரும்பழுப்பு பெர்மனென்ட் டைகள் பலவற்றில் அது இருக்கும். பாரா ஃபினிலீன் டையமின் என்பது முழுப்பெயர், சிலருக்கு ஒவ்வாமை தரும் ரசாயனம். 'மூணு வருஷமா கலர் பண்றேன், எனக்கு எதுவும் ஆனதில்லை' என்று சொல்பவர் இந்த வகை டையை வாழ்க்கையில் முதல் முறையாகத் தொடுபவராக இருக்கலாம். எப்போதாவது 'கறுப்பு மருதாணி' என்ற பெயரில் தற்காலிக டாட்டூ போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதில் பிபிடி கலந்திருப்பது உண்டு, அப்போதே உடம்பு அதற்கு ஒவ்வாமையைப் பழகியிருக்கலாம். எனவே 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ கொஞ்சம் தடவிப் பார்க்க வேண்டும். தடவும் முறை டப்பாவில் இருக்கும். அரிப்பு, சிவப்பு, வீக்கம் எது வந்தாலும் அந்த டை உங்களுக்கு இல்லை. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பொதுவாகப் போகாது. அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம். டை போட்ட பிறகு இமையோ முகமோ வீங்கினால் காத்திருக்காதீர்கள். மூச்சு வாங்கினால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மருதாணிப் பொடியால் மூடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. சுத்தமான மருதாணி, வெளுத்த முடியில் பளீர் ஆரஞ்சாகத்தான் பிடிக்கும். கறுப்பு, பழுப்பு என்று விற்கும் கலவைப் பொடிகள் சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும். அதன் மேல் பின்னால் பெராக்சைடு பட்டால் முடி சூடாகிப் புகைந்தே போகலாம். பொடி எதுவும் போட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். நான் நாலு முடியை வெட்டி ஒரு கிண்ணத்தில் சோதித்துப் பார்த்துக்கொள்வேன். வரும்போது கடைசி இரண்டு வருடத்தில் போட்ட டை டப்பாக்களின் படம் கைப்பேசியில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்தப் பெண்ணுக்கு அன்று கறுத்த நுனியை மட்டும் வெட்டினேன், காதுக்குப் பின்னால் டையைத் தடவி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வந்தாள். தோலில் எதுவும் இல்லை. பச்சைப் பகுதிக்குச் செம்பு கலந்த சிவப்பு, அதன் மேல் குறைந்த டெவலப்பரில் நடுத்தரப் பழுப்பு. உச்சிக்கும் நடு நீளத்துக்கும் இன்னும் லேசான வித்தியாசம் இருந்தது, ஆனால் எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஐந்தாவது வாரம் திரும்ப வந்தாள், நிறம் கொஞ்சம் பொன்னிறமாக இறங்கியிருந்தது. இது இப்படித்தான் இறங்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. மறுபடி ஏற்றிவிட்டேன்.

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அவள் முடி 30 சென்டிமீட்டர். ப்ளீச் பட்டது முழுக்கப் போக இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து நுனியை வெட்டிக்கொண்டு போகிறாள். இப்போது ஒரு சாண் மிச்சம் இருக்கிறது.