‘முட்டைச்சோளம்’ அன்று, ஏற்புத்திரிபு

கேட்ட சொல்லைத் தமக்குப் பொருத்தமாகத் தோன்றும் வேறு சொல்லாக எண்ணி வழங்குவதாகிய, ஆங்கிலத்தில் ‘எக்கோர்ன்’ எனப்படும் சொற்பிறழ்வை ‘முட்டைச்சோளம்’ என்று பெயர்ப்பதை இனியும் பொறுப்பதற்கில்லை. ஓக் மரத்துக் கொட்டையாகிய ‘ஏகோர்ன்’ என்பதை ஒரு பெண்மணி ‘எக் கோர்ன்’ என எழுதியதை மொழியியலாளர் மார்க் லிபர்மன் 2003 இல் எடுத்துக்காட்ட, அவ்வகைப் பிறழ்வுக்கெல்லாம் அதனையே பெயராக்கலாம் என்றார் மற்றொரு மொழியியலாளரான ஜெப்ரி புல்லம். அல்சைமர் நோயை ‘ஓல்ட் ரைமர்ஸ்’ நோய், அதாவது முதியவர் நோய், என்பதும் இவ்வகையே.

ஆங்கிலப் பெயர் தனக்குத் தானே எடுத்துக்காட்டாகவும் நிற்பது. தமிழில் முட்டையையும் சோளத்தையும் ஒட்டியவுடன் அந்த நயம் அழிந்து, விளங்காத ஒரு பண்டம் மட்டுமே எஞ்சுகிறது. அதிலும் ‘கோர்ன்’ என்பது தானியமணி எதற்கும் வழங்கிய பழைய பொதுப்பெயர் என்பதை நோக்காமல், அகராதியில் முதலில் கண்ட பொருளோடு நின்றுவிடுவது நம் மொழிபெயர்ப்பாளர் பலரின் வழக்கமாகிவிட்டது.

‘செவிப்பிழை’ என்பார் சற்று நெருங்கி வருகின்றனர். ஆயினும் அது, பாடலடியைப் பிழையாகக் கேட்டு வேறொரு கதையையே கற்பித்துக்கொள்வதற்கு 1954 இல் சில்வியா றைற் இட்ட ‘மொண்டகிரீன்’ என்ற பெயருக்கே பொருந்தும். அங்கே சுட்டும் பொருளே மாறிவிடும். இங்கே பொருள் மாறாது, சொல்லுக்குக் கற்பிக்கும் காரணமே மாறும். ‘மரூஉ’ என்பதும் ஒவ்வாது: யாழ்ப்பாணம் பேச்சில் ‘யாப்பாணம்’ ஆகும்போது எவரும் அதற்குப் புதுக் காரணம் தேடுவதில்லை.

நம் கடைப் பலகைகளில் காணும் ‘தேனீர்’ இதனைத் தெளிவாக்கும். பேச்சில் நமக்கு அது தேத்தண்ணிதான். எழுத வரும்போதே ‘தேநீர்’ வேண்டியிருக்கிறது. ந, ன இரண்டும் செவிக்கு ஒன்றாகவே ஒலிப்பதால் எழுதுபவர் தேனை நினைத்துவிடுகிறார். தேன் + நீர் புணர்ந்தால் ‘தேனீர்’ என்றே வருமாதலால் இலக்கணமும் அவருக்குத் துணைநிற்கிறது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் வெறுந்தேத்தண்ணியில் தேன் எங்கிருந்து வந்தது என்று அவரைக் கேட்பாரில்லை. கறிவேப்பிலை ‘கருவேப்பிலை’ ஆவதும் இலையின் கருமையை நம்பித்தான்.

ஆகவே, கேட்டவர் மனம் ஏற்கத்தக்க காரணத்தோடு திரியும் இச்சொற்களை ‘ஏற்புத்திரிபு’ என்பதே தகும். திரிதல் புணர்ச்சி விகாரத்துக்கு உரிய சொல்லாயிற்றே எனத் தடைசொல்வோர், ‘ஏற்பு’ என்ற அடை அந்த மயக்கத்தை நீக்குவதைக் காண்க.