ஒரு மில்லிமீட்டர் தகடும் இடிக்கும் கதவும்

"பெயிண்ட் அடிக்கக் கழற்றிய வண்டியின் பாடியை மறுபடி சேஸிமேல் உட்கார வைத்தேன். போல்ட் எல்லாம் இறுக்கியாயிற்று. இப்போது கதவின் மேல்மூலை பின்தூணில் இடிக்கிறது. சேஸி வளைந்துவிட்டதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், வளைந்திருக்கலாம், அளந்து பார்த்துவிடுவது நல்லது. ஆனால் என் சந்தேகம், உயரத்தைச் சரிசெய்யப் பாடிக்கும் சேஸிக்கும் நடுவே செருகும் ஷிம் தகடுகள் மேல்தான். பாடிக்கு அடியில் மெத்தைபோல் இருக்கும் ரப்பர் புஷ்களோடு ஒவ்வொரு இடத்திலும் எத்தனை தகடு இருந்தது என்று குறிக்காமல் கழற்றினால் இப்படித்தான் ஆகும்.

முன்பின்னாக, பக்கவாட்டில் நேர்படுத்துவது பெரிய வேலையில்லை. போல்ட் துளைகளை வேண்டுமென்றே சற்றுப் பெரிதாக வைத்திருப்பார்கள். போல்ட்களைத் தளர்வாக விட்டு, பாடியிலும் சேஸியிலும் ஒன்றுக்கொன்று நேராக வரவேண்டிய குறிப்புத் துளைகளில் கூம்பு முனைக் கம்பியைச் செருகி நகர்த்தினால் போதும்.

உயரத்தில்தான் வேடிக்கை. மூன்று புள்ளிகளில் எதையும் ஆடாமல் நிறுத்தலாம். பாடிக்கோ, புஷ்ஷும் தகடும் வைத்துச் சேஸிமேல் உட்கார எட்டு, பத்துத் தாங்கிகள். அவை ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால், போல்ட்டை இறுக்க இறுக்கப் பாடிதான் வளைந்து கொடுக்கும். எந்த இடத்தில் வளையும்? பலம் குறைந்த கதவுத் திறப்பில். கூரையில்லாத வண்டி என்றால் அங்கே கீழ்விளிம்புச் சட்டம் மட்டும்தான் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். அந்தச் சட்டம் வளையும் இடத்திலிருந்து முன்தூணின் தாங்கி 50 செ.மீ. தள்ளி இருக்கிறது, கதவின் மேல்விளிம்பு 1 மீட்டர் உயரத்தில். தாங்கியில் 1 மி.மீ. தகடு கூடினால் முன்பாதி 500-க்கு 1 என்ற சரிவில் நிமிர்கிறது. அதே சரிவில் தூணும், அதில் தொங்கும் கதவும் பின்னால் சாய, மேல்விளிம்பு 2 மி.மீ. பின்தூணை நெருங்கும். கீழே கொடுத்தது செங்குத்து அசைவு. மேலே கிடைப்பது கிடைமட்ட அசைவு, அதுவும் இரட்டிப்பாக! பள்ளிக்கூட முக்கோணம்தான், ஆனாலும் எனக்கு இது அலுப்பதே இல்லை. கூரையுள்ள வண்டியில் விளைவு குறையும், திசை மாறாது.

ஆக, மேலே இடைவெளி குறுகினால் கதவுக்கு முன்னும் பின்னும் உள்ள தாங்கிகளில் தகட்டைக் குறையுங்கள், அல்லது நடுவில் கூட்டுங்கள். இதைப் பார்க்காமல் எடுத்த எடுப்பில் கீலை வளைப்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வரும்.

போல்ட்டை இன்னும் இறுக்கிச் சரிசெய்யலாமே என்றால், பல புஷ்களின் உள்ளே இரும்புக் குழல் உண்டு. இறுக்கம் அதன்மேல் போய் நின்றுவிடும். அதற்கு மேல் உயரம் மாறாது.

அப்புறம், இதையெல்லாம் வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போது, இன்ஜின் ஏறிய பிறகு செய்யுங்கள். ஜாக்கில் தூக்கினால் சேஸியே கொஞ்சம் வளையும். அங்கே சரியாக மூடிய கதவு, தரையில் இறக்கியதும் மறுபடி இடிக்கலாம்.